சனிக்கிழமை மதியம் இரண்டு மணி வரை

மஞ்சள் வாத்தைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. நிஜ வாத்து இல்லை. குழந்தைகள் பனியனில் மார்புக்கு நடுவே அச்சடித்த வாத்து. தலையில் குட்டித் தொப்பி, வாயெல்லாம் சிரிப்பு. அந்தச் சனியன் பிடித்த வாத்துப் பனியன் எண்பத்து நாலாயிரம், அக்டோபர் இருபதாம் தேதி தூத்துக்குடியில் கப்பலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஆர்டர். நூல் என்றைக்கு வரும், துணி என்றைக்குச் சாயத்துக்குப் போகும், வெட்டு என்றைக்கு, தையல் என்றைக்கு, பெட்டி என்றைக்கு என்று நாள் நாளாகப் பிரித்து அட்டவணை போடுவது என் வேலை. பெயர் கோகிலவாணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிளானிங் மேனேஜர். இந்த வேலையில் பதினேழு வருஷம் ஓடிவிட்டது.

எங்கள் தொழிலில் யாரும் உண்மைத் தேதி சொல்ல மாட்டார்கள். சாயப்பட்டறைக்காரர், "நாளைக்குக் காத்தால துணி உங்க வாசல்ல நிக்குமுங்க" என்றால், துணி இன்னும் சாயத்தில் முங்கவே இல்லை என்று அர்த்தம். பிரிண்டிங்காரர் சொல்வதோடு இரண்டு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். கட்டிங் மாஸ்டருக்கு ஒரு நாள். எல்லார் பொய்யையும் கூட்டிக் கழித்து, என் பங்குக்கும் ஒன்றைச் சேர்த்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு ஒரு தேதி கொடுப்பேன். தாமதமாகும் என்று தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். முன்னாலேயே சொன்னால் பையர் குதிப்பான், ஆர்டரை வேறு கம்பெனிக்கு மாற்றுவான். கடைசி நேரத்தில் சொன்னால் வேறு வழியில்லாமல் வாயை மூடிக்கொள்வான். கெட்ட சேதியை மடியில் கட்டி வைத்திருந்து சமயம் பார்த்து அவிழ்க்கத் தெரிந்தவர்தான் இந்த ஊரில் நல்ல பிளானிங் மேனேஜர். என்னைக் கெட்டிக்காரி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஜோசியர் வந்தார். ஆள் இல்லை, மென்பொருள். அதற்கு ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர் உண்டு. தையல் பகுதியில் ஜோசியர் என்று பேர் வைத்துவிட்டார்கள். டெய்லர், செக்கிங், இஸ்திரி, பேக்கிங் எல்லார் மணிக்கட்டிலும் ஒரு கறுப்புப் பட்டை. நாடித்துடிப்பு, மூச்சு, கை வேகம், பாத்ரூம் போன நேரம் எல்லாம் அதற்குப் போகும். ஆபீஸ்காரர்களுக்குப் பட்டை இல்லை. எங்கள் மெயிலும் போனும் அதற்குப் போதுமானதாக இருந்தன.

ஒரே மாதத்தில் ஊர்ப் பொய்யை எல்லாம் அது அளந்துவிட்டது. எந்தச் சாயப்பட்டறை எத்தனை நாள் புளுகும் என்று தசம புள்ளி வைத்துச் சொன்னது. மூன்றாவது மாதம் மனுஷர்களையும் சொல்ல ஆரம்பித்தது. இந்தப் பெண் வரும் வியாழக்கிழமை வரமாட்டாள் என்று திங்கட்கிழமையே காட்டும். வியாழக்கிழமை அவள் குழந்தைக்குக் காய்ச்சல். இன்னார் ஊருக்குப் போய்த் திரும்புவது நாலு நாள் தள்ளிப்போகும் என்று காட்டும், தள்ளித்தான் போகும். நாங்கள் வாயைப் பிளந்தோம். அதற்கப்புறம் ஒரு ஷிப்மெண்ட்கூட எங்களுக்குப் பிந்தவில்லை. எனக்கு அதன் மேல் ஆசையே வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

அக்டோபர் ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை காலை. வழக்கம்போல வார அறிக்கையைத் திறந்தேன். இரண்டாவது லைனில் ஒரு வரிசை சாம்பல் நிறத்தில் இருந்தது.

தவமணி. கழுத்துப் பட்டி. சனிக்கிழமை மதியம் இரண்டு மணி வரை. அதன் பிறகு பூஜ்ஜியம்.

லீவு என்றால் நடுவில் வெற்றிடம் விட்டுத் திரும்பும் தேதி இருக்கும். இவளுக்குத் திரும்பும் தேதியே இல்லை. இப்படி ஒரு வரிசையை இதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், இஸ்திரி வேலம்மாளுக்கு. வேலையை விட்டு நின்றுவிடுவாள் போல என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். சொன்ன நாளன்று காலையில் குளியலறையில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

இன்னொன்றையும் பார்த்தேன். தவமணி மணிக்குத் தொண்ணூறு கழுத்து வைப்பவள். அந்த வாரம் அவளுக்கு மட்டும் நூற்றுப் பதினைந்து என்று இலக்கு ஏறியிருந்தது. குழந்தைப் பனியனின் சின்னக் கழுத்தில் பட்டி சுருங்காமல் வைக்க அந்த லைனில் அவளை விட்டால் ஆளில்லை. இருந்த அத்தனை கழுத்தையும் ஜோசியர் அவள் தலையில் கட்டி, சனிக்கிழமை மதியத்தோடு முடிகிற மாதிரி அடுக்கியிருந்தது.

மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் அபிநந்தனைக் கூப்பிட்டேன். சென்னைப் பையன், தன்மையாகப் பேசுவான்.

"அபி, தவமணிக்கு என்ன வியாதி?"

"அதுக்கு வியாதியெல்லாம் தெரியாது மேடம். ஒருத்தர் எவ்வளவு நேரம் மிஷின்ல கிடைப்பாங்க, அவ்வளவுதான் தெரியும். ஏன் கிடைக்க மாட்டாங்கன்னு உள்ள ஒரு பத்தி இருக்கு. அதை உங்களுக்குக் காட்டக் கூடாதுன்னு லீகல்ல சொல்லிட்டாங்க."

"செரி, சனிக்கிழமையோட போற பொம்பளைக்கு எதுக்கு வேலையைக் கூட்டுது?"

"தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல ரெண்டு பாக்கெட் பால் இருக்கு, ஒண்ணு இன்னைக்குக் கெட்டுடும்னா எதை முதல்ல காய்ச்சுவீங்க? அந்த லாஜிக்தான்."

பால் பாக்கெட்! சீ என்று கத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஓ, அப்படியா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை முதலாளி மோகனசுந்தரத்திடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் பேனாவை மூடி வைத்தார். கல் நெஞ்சுக்காரர் இல்லை, பாவம், முகம் நிஜமாகவே வாடிப்போயிற்று.

"ஐயோ, நல்ல பிள்ளையாச்சே. எத்தனை வருஷமா இருக்குது?"

"ஒம்பது வருஷமுங்க."

"கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரியிலயே காட்டிப்போடலாமுங்க. நானே கூட வர்றேன். இந்தக் கழுத்து மட்டும் முடியட்டும். சனிக்கிழமைன்னுதானே சொல்லுது? அது வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னும்தானே அர்த்தம்?"

கேட்கும்போதே நாராசமாக இருந்தது. ஆனால் அதே கணக்கைத்தான் நானும் திங்கட்கிழமையிலிருந்து மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாயால் அது வெளியே வந்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. இதைவிடக் கேவலம் ஏதாவது உண்டா?

புதன்கிழமை தையல் பகுதிக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் இறங்கினேன், சத்தியமாக. தவமணி தலையைத் தூக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் வாத்துகள் குவிந்து கிடந்தன. வலது பக்கம் கழுத்து வைத்த வாத்துகள். நாற்பத்திரண்டு வயது, புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. வீட்டில் அவளும் பத்தாவது படிக்கும் மகளும்தான்.

"என்னுங்கக்கா, நீங்களே வந்து நின்னுட்டீங்க? கழுத்து கோணலாப் போகுதுங்களா?"

"இல்ல தவமணி, சும்மா வந்தேன்."

"சும்மா வர்ற ஆளா நீங்க!" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இடது தோளை அமுக்கிவிட்டுக்கொண்டாள்.

"தோள் வலிக்குதா?"

"இந்த வாரம் பீஸ் ஜாஸ்திங்களா, அதான் இழுக்குது. ராத்திரிக்குத் தைலம் தேச்சுட்டுப் படுத்தா செரியாப்போகுமுங்க. இந்த வாத்து எப்பக்கா தொலையும்? கனவுலயெல்லாம் வந்து கொத்துது."

"சனிக்கிழமையோட தொலஞ்சிரும்" என்றேன்.

என் வாயிலிருந்து வந்தது அதுதான். வேறெதுவும் வரவில்லை. மேலே வந்து உட்கார்ந்து டீ குடித்தேன். அந்த டீயும் வழக்கம்போல இறங்கியது.

வியாழக்கிழமை, இன்னும் மூவாயிரம் கழுத்து இருக்கிறதே என்றேன். வெள்ளிக்கிழமை, இன்றைக்குச் சொல்லி என்ன, நாளைக்கு அரை நாள்தானே என்றேன். சொன்னால் பயந்துபோய் அங்கேயே ஏதாவது ஆகிவிட்டால் என்று எனக்கு நானே பரிதாபமாக ஒரு காரணம்கூட கண்டுபிடித்தேன். பையருக்குப் பதினேழு வருஷம் எழுதிய சாக்கு எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஆளைத்தான் மாற்றியிருந்தேன்.

சனிக்கிழமை ஒன்றரை மணிக்குக் கடைசிக் கழுத்து முடிந்தது. துணி அடுக்கித் தரும் கைமடிப் பெண்கள் கடைசிக் கட்டை எடுத்துக்கொண்டு செக்கிங்குக்குப் போனார்கள். சாப்பாட்டு அறையில் தவமணி டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். தனியாகக் கூப்பிட்டு, தோள் வலியையும் வேலம்மாளையும் வைத்து ஊகித்ததைச் சொன்னேன். பட்டையில் உன் நெஞ்சு சரியில்லை என்று காட்டுகிறது, இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கார் நிற்கிறது.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "எப்பங்கக்கா தெரிஞ்சுது?"

"இப்பத்தான்" என்றேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கை ஈரமாக இருந்தது. "பிள்ளையக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்கக்கா" என்றாள். கார் கேட்டைத் தாண்டியபோது மணி சரியாக இரண்டு. அப்போது அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஜோசியர் போட்ட பூஜ்ஜியத்திலிருந்து அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட ஓடியது.

கோயமுத்தூரில் அன்றைக்கே நெஞ்சைத் திறந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் இருதயத்தில் பாதி போனது போனதுதான், இனி மிஷின் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். பிறகு, "போன வாரம் இவங்களுக்கு என்ன வேலை கொடுத்தீங்க?" என்று கேட்டார். தையல்தான் என்றேன். "ஒரு வாரம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலேயே சமாளிச்சிருப்பேன்" என்றார்.

இருபதாம் தேதி வாத்துகள் கப்பல் ஏறின. ஒரு நாள்கூடப் பிந்தாததற்குப் பையர் பாராட்டி மெயில் போட்டான். அடுத்த வாரம் ஆபீசில் கேக் வெட்டினோம். மஞ்சள் கேக், மேலே கிரீமில் வாத்து. யாருக்கு இந்த யோசனை வந்ததோ, அவர் விளங்குவாரா? முதலாளி முதல் துண்டை எனக்கு ஊட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். நேரே பாத்ரூமுக்குப் போய்த் துப்பினேன்.

நவம்பரில் அபிநந்தன் வேலையை விட்டான். கடைசி நாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு லேப்டாப்பைத் திறந்தான்.

"உங்ககிட்ட இதைக் காட்டாமப் போனா எனக்குத் தூக்கம் வராது மேடம். தவமணி அக்காவோட காரணப் பத்தி."

"அதுல என்ன இருக்கு? நெஞ்சு வலிதானே?"

"நெஞ்சு மட்டும்னா நவம்பர் ரெண்டாவது வாரம் வரைக்கும் ஓட்டிடுவாங்கன்னு போட்டிருக்கு. சனிக்கிழமைன்னு போட்டதுக்குக் காரணம் வேற."

படித்தேன். இரண்டே வரி.

நிறுத்தக் காரணம்: திட்ட மேலாளர் உண்மையைத் தெரிவித்துவிடுவார். அறிந்த பின் தாமதம்: ஐந்து நாள், கழுத்துப் பட்டி முடிந்தவுடன்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. மறுபடி படித்தேன். திட்ட மேலாளர் என்றால் நான்.

"உங்க பழைய மெயில் எல்லாத்தையும் படிச்சிருக்கு மேடம்" என்றான் அபிநந்தன், தரையைப் பார்த்துக்கொண்டு. "கெட்ட சேதி தெரிஞ்ச நாளுக்கும் அதை நீங்க சொன்ன நாளுக்கும் நடுவுல எத்தனை நாள், எது முடிஞ்சதும் சொல்றீங்கன்னு. நீங்க சொல்லிடுவீங்கன்னு அதுக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் அதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட வாங்க வேண்டியதை வாங்கிடுச்சு."

"அப்ப நான் திங்கக்கிழமையே சொல்லியிருந்தா?"

"அதோட தேதி தப்பாயிருக்கும்."

அவன் போன பிறகும் அந்த இரண்டு வரி கண்ணை விட்டுப் போகவில்லை. இத்தனை நாளும் மனசாட்சி உறுத்தித்தான் சொன்னேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த உறுத்தலுக்கும் சேர்த்து அட்டவணையில் ஐந்து நாள் ஒதுக்கி, நூல், சாயம், பிரிண்டிங் வரிசையில் என்னையும் வைத்திருக்கிறது. அது அளந்தது சரியாகவும் இருந்தது. என் மேல் எனக்கு வந்த அருவருப்பை என்னவென்று சொல்ல? சோற்றில் கை வைத்தால் இந்தக் கையா என்று தோன்றியது.

இத்தனைக்கும் வேலையை விடவில்லை. அறிக்கையைத் திறப்பதையும் விடவில்லை.

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தவமணி வந்தாள். செக்யூரிட்டியிடம் விசிட்டர் சீட்டு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"உக்காரு தவமணி. எதுக்கு இத்தனை படி ஏறுற?"

"உங்களைப் பாக்காம இருக்க முடியுங்களா? கையைக் கழுவிக்கிட்டு நின்னவளைக் கூப்புட்டு உசுரைக் குடுத்தீங்க. பிள்ளை தெனம் சாமி கும்புடறப்ப உங்க பேரையும் சொல்லுதுங்க."

வேறு யாராவது என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

"எனக்குத் திங்கக்கிழமையே தெரியும்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "எந்தத் திங்கக்கிழமைங்க?"

"அந்த வாரத் திங்கக்கிழமை. அஞ்சு நாள் முன்னாடி. கழுத்து முடியட்டும்னு இருந்துட்டேன். மொதலாளிக்கும் தெரியும். புதன்கிழமை உம் பக்கத்துல வந்து நின்னேனே, சொல்லத்தான் வந்தேன். சொல்லலை."

திட்டுவாள் என்று பார்த்தேன். காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் தன் இடது தோளை அமுக்கிப் பிடித்தாள்.

"அந்த வாரந்தானுங்களே பீஸைக் கூட்டுனது" என்றாள்.

"ஆமா."

"நானும் தைலம் தேச்சுத் தேச்சு ஓட்டுனேன்." குரல் ஏறவே இல்லை. பிறகு என் கம்ப்யூட்டரைக் காட்டினாள். "இதுல இப்ப யாரு இருக்காங்க?"

நான் அறிக்கையை மூடப் போனேன்.

"கேக்கறனில்லீங்க. இப்ப யாருது தெரியும் உங்களுக்கு?"

"ஷாகிதா" என்றேன். "மூணாவது லைன். கை மடிப்புத் தைக்கிற பொண்ணு."

"எப்பருந்து தெரியும்?"

"புதன்கிழமை."

புதன், வியாழன், வெள்ளி. அவள் விரல் விட்டு எண்ணவில்லை, நான்தான் எண்ணினேன். ஷாகிதாவின் வரிசையில் திங்கட்கிழமை மதியம் வரை என்று இருந்தது. அவளுக்கும் இலக்கு ஏறியிருந்தது. இந்தத் தடவை ஐந்து நாள் ஆகவிடக் கூடாது, நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நாளைக்கு!

தவமணி மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்தேன்.

"நீங்க இருங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

கதவைத் திறந்துகொண்டு போனாள். என் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கீழே தையல் பகுதி முழுக்கத் தெரியும். சூப்பர்வைசர் குறுக்கே வந்து ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லாமல் அவரைத் தாண்டிப் போனாள். விசிட்டர் சீட்டு கழுத்தில் தொங்க, நெஞ்சில் ஒரு கையை வைத்தபடி, லைன் லைனாகக் கடந்து மெதுவாக நடந்தாள். முதல் லைனில் தலைகள் நிமிர்ந்தன. இரண்டாவது லைனில் யாரோ எழுந்து அவளைத் தாங்கப் போனார்கள்.

மூன்றாவது லைனுக்குப் போய் ஷாகிதாவின் மிஷினைத் தன் கையாலேயே நிறுத்தினாள். குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். ஷாகிதாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டையைக் கழற்றி, தைத்து வைத்திருந்த துணிக் குவியல் மேல் போட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள்.

தவமணியின் வரிசையை அக்டோபரிலேயே மூடிவிட்டோம். அவள் இப்படி வந்து நிற்பாள் என்று கணக்குப் போட அதற்கு வழியில்லை. என் திரையில் ஷாகிதாவின் வரிசை அப்போதும் திங்கட்கிழமை மதியம் வரை என்றே காட்டிக்கொண்டிருந்தது.